கறுவல் பாயும் நேரம்

"இருபத்தேழு," என்றாள் ரஞ்சிதம், கையிலிருந்த பட்டியலில் விரலை வைத்தபடி, "இப்ப பத்தொன்பது நடக்குது, இன்னும் எட்டுக் குதிரை கிடக்கு, அதுக்குள்ள ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோவன்." வேண்டாம் என்று சொல்ல நினைத்தார் குலசிங்கம். வேண்டாம் என்ற சொல் அவருக்குள் முழுசாக இருந்தது. வே இருந்தது, ண் இருந்தது, டாமும் இருந்தது, எல்லாம் வரிசையாக உதடுவரை வந்தன. வெளியே வந்தது "பிறகு." ஏழு மாதமாக அவருடைய வாயில் இருப்பது அந்த ஒரு சொல்தான். போன ஆவணியில் தலைக்குள் ஒரு நரம்பு அடைத்தது, ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தமிழும் போயிருந்தது, முப்பது வருடம் பாடுபட்டுச் சேர்த்த டெனிஷும் போயிருந்தது, வெள்ளம் வடிந்த வீட்டில் ஒரு பழைய செருப்பு மட்டும் கிடப்பதுபோல இது கிடந்தது. பசிக்குதோ என்றால் பிறகு, நோகுதோ என்றாலும் பிறகு. கொப்பன்ஹேகனில் வேலை பார்க்கிற மகள் ஆரணி ரெலிபோனில் முகத்தைக் காட்டி, அப்பா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம் என்று சின்னப்பிள்ளையோடு கதைக்கிற மாதிரி இழுத்துக் கேட்டாலும் அதே பிறகு. அம்மா என்று ஒரு சொல் மிஞ்சியிருக்கலாம், முருகா என்று மிஞ்சியிருக்கலாம், அப்படியென்றால் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். மனைவி ரஞ்சிதம் மட்டும் அந்த ஒரு சொல்லுக்குள் பதினொரு வகையைப் பிரித்து வைத்திருக்கிறாள். இது கோபப் பிறகு, இது வயிற்றுவலிப் பிறகு, இது என்னைச் சும்மா விடு என்கிற பிறகு. இப்போதும் சரியாகப் பிரித்தாள். "சரி, வேண்டாமெண்டா விடுங்கோ," என்று போத்தலை மூடிக் காலடியில் வைத்துவிட்டு, அவருடைய சால்வையின் தொங்கலை இழுத்து அவர் வலது கையை மூடினாள். அந்தக் கைக்குக் குளிர் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூடுவாள்.

கீழே மணல், மேலே நிழல் விழாத வெள்ளை வெளிச்சம், ஆஸ்பத்திரியின் வெளிச்சம் மாதிரி, அதை நினைக்க வேண்டாம், மணலைப் பார். மண்டபத்தின் ஓர் ஓரமாகப் பலகையும் நாடாவும் கட்டி பாதை மாதிரி நீளமான ஓர் ஒழுங்கை அமைத்திருந்தார்கள். அதற்குள் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தடைகள், கடைசித் தடையை நெஞ்சளவுக்கு உயர்த்துவார்கள். முதுகில் ஆள் கிடையாது. ஒழுங்கையின் தொடக்கத்தில் குதிரையை அவிழ்த்துவிட்டால் அது தானாக ஓடிவந்து மூன்றையும் பாய்ந்து, மறுமுனையில் ஓட்ஸ் வாளியோடு நிற்கிற ஆளிடம் போய்ச் சேரவேண்டும். மணலின் நடுவில் தொப்பி போட்ட மூன்று நடுவர்கள். எல்லாம் மூன்று வயது ஆண்குதிரைகள், மீசை அரும்புகிற பருவத்துப் பொடியங்கள் மாதிரி, கழுத்தை வளைத்து ஒன்றையொன்று பார்த்துக் கனைக்கிறதுகள். இதில் யார் தகப்பனாகலாம், யார் ஆகக்கூடாது என்று அந்த மூன்று தொப்பிகளும் இன்றைக்குச் சொல்லிவிடும். தேறினவன் பொலிகுதிரை. தேறாதவனைக் காயடித்துச் சவாரிக்கு விட்டுவிடுவார்கள். நேற்றுக் கல்லுப் பாதையில் ஓடவிட்டுக் காலைப் பார்த்தார்கள், கோல் வைத்து உயரம் அளந்தார்கள், இன்றைக்குப் பாய்ச்சல். பத்தொன்பதாவது, ஒரு செம்பழுப்புக் குதிரை, கடைசித் தடையின் கட்டையைக் காலால் தட்டியது. கட்டை விழுந்த சத்தம் குலசிங்கத்தின் தலைக்குள் எங்கோ போய் இடித்தது. அது கட்டைதான், வேறொன்றுமில்லை, உள்ளே ஒன்றும் உடையவில்லை, பார், இடது கை அசைகிறது, ரஞ்சிதத்தின் முகம் ஒரு முகமாகத்தான் தெரிகிறது. ஒரு பெண் ஓடிப்போய் செம்பழுப்பின் தலையில் மாட்டினாள், அந்தச் சாமானை. தோல்வார், இரும்பு, வாய்க்குள் இரும்பு. அதன் பெயர். முப்பது வருடமாக அதைக் கழுவி எண்ணெய் பூசி ஆணியில் தொங்கவிட்ட மனிதனுக்கு அதன் பெயர் வரவில்லை. கடி என்று தொடங்கும். கடிகாரம் இல்லை. கடிதமும் இல்லை. கடியன் எறும்பு, கடுதாசி, கடற்கரை, இல்லை, எல்லாம் பக்கத்து வீட்டுக் கதவுகள். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளை படம் போட்ட மட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள், நல்ல பிள்ளை, ஆனால் மட்டையெல்லாம் டெனிஷில். தமிழுக்கு மட்டை இல்லை என்று ரஞ்சிதம்தான் குசினி மேசையில் கரட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு இருந்தாள். இது என்ன. பிறகு. ஓம், கரட் பிறகு, இப்ப கரண்டியைச் சொல்லுங்கோ.

குதிரையோடு எப்போதாவது சொல்லால் கதைத்தோமா. அதுதான் விசித்திரம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள் அவர், குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர். இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருடம், மொழிவகுப்பிலிருந்து வேலை பழகு என்று இங்கர் என்ற பெண்ணின் குதிரைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஒரு குதிரை அவருடைய தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது, பயத்தில் அப்படியே நின்றார், நின்றதை இங்கர் தைரியம் என்று நினைத்துவிட்டாள். அந்தத் தவறான எண்ணத்தின்மேல் முப்பது வருடம் ஓடிவிட்டது. குதிரைகளுக்கு அவர் தமிழும் பேசவில்லை, டெனிஷும் பேசவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து ஒரு சத்தம், ச்சொ, இரண்டு தரமென்றால் வா, மெதுவாக நீட்டினால் நில், தொண்டைக்குள் ஒரு முனகல் என்றால் பயப்படாதே. நரம்பு அடைத்தபோது சொற்களெல்லாம் போன வழியில் இந்தச் சத்தங்கள் போகவில்லை. டாக்டர் ஏதோ விளக்கினார், சொல் ஒரு பக்கமாம், இது வேறு பக்கமாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் கிழமை ரஞ்சிதம் அவரை பஸ்ஸில் ஏற்றி இங்கரின் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். கறுவல், இன்றைக்கு இருபத்தேழாவதாகப் பாயப்போகிற குதிரை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவர் ச்சொ ச்சொ என்றார். சத்தம் வந்தது, கோணாமல் வந்தது. அவனும் வந்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பத்து மணி பஸ். உலகத்தில் ஓர் ஆள் முன்னால் அவர் நோயாளி இல்லை, முன்பு கதைத்ததைத்தான் இப்போதும் கதைக்கிற மனிதன்.

கறுவல் என்று பேர் வைத்தது குலசிங்கம்தான். பிறந்தபோது முழுக்கக் கறுப்பு, பிறகுதான் கொஞ்சம் கபிலம் கலந்தது. தாய்க்குதிரை ஈன்றதும் இரத்தம் நிற்காமல் செத்துப்போனது, அது சாகமுன்னம் அதன் மடியிலிருந்து சீம்பாலைக் கறந்து போத்தலில் எடுத்தவர் அவர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால். எட்டுக் கிழமை அப்படி. கையால் வளர்கிற ஆண்குட்டி பழுதாய்ப்போகும் என்று இங்கர் பயந்தாள், மனிதனைத் தன் இனம் என்று நினைத்துக்கொண்டு பிறகு வளர்ந்து மனிதன்மேல் பாயும். அதனால் ஒரு கிழட்டுப் பொனிக் குதிரையை அவனோடு விட்டார்கள், குதிரை மரியாதையை அது பழக்கட்டும் என்று. பாலைக் கொடுத்ததும் குலசிங்கம் முதுகைக் காட்டிப் போய்விட வேண்டும். தடவக்கூடாது, கொஞ்சக்கூடாது. வாயெல்லாம் பால்நுரையோடு குட்டி பின்னால் வரும், திரும்பிப் பார்க்காமல் நடந்து கதவைச் சாத்தி, சாத்தின கதவுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார், பொனியின் பக்கத்தில் போய்ப் படுக்கிறானா என்று. ஆரணியைக்கூட அப்படி நின்று பார்த்ததில்லை, அப்போது இரண்டு வேலை, அவள் எப்போது நடந்தாள், எப்போது பல்லு விழுந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த நினைப்புக்கும் சொல் கிடையாது. கறுவல் என்று டெனிஷ்காரருக்குச் சொல்லவராது. கார்வெல், கார்வெல் என்று கூப்பிட்டுக் கடைசியில் இங்கர் பத்திரத்திலும் அப்படியே எழுதிவிட்டாள். இன்றைக்கு ஒலிபெருக்கியிலும் கார்வெல் என்றுதான் சொல்வார்கள், யாரோ பெரிய பிரபுவின் பெயர் மாதிரி.

அவன் உங்களைக் காப்பாற்றின குதிரையல்லவா என்று சனங்கள் கேட்பார்கள். காப்பாற்றவில்லை. நரம்பு அடைத்த அன்றைக்குக் குலசிங்கம் புல்வெளியின் வாசலைத் திறந்துகொண்டு போகும்போதுதான் விழுந்தார். கன்னத்தில் புல் குத்தியது, ஒரு கண்ணால் வானம் தெரிந்தது, கறுவலின் கால்கள் நாலும் பக்கத்தில் வந்து நின்றன, பிறகு போய்விட்டன. திறந்த வாசலால் வெளியேறி நேரே இங்கரின் தோட்டத்துக்குப் போய்ப் பாத்தியிலிருந்த முட்டைக்கோஸை, கோவாவை, தின்னத் தொடங்கினான். கோவாவைத் தின்கிறான் என்று ஏசிக்கொண்டு ஓடிவந்தபடியால்தான் இங்கர் விழுந்து கிடந்தவரைக் கண்டாள். இருபது நிமிடம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். கோவா காப்பாற்றியது என்று சொல்லலாம். இதைச் சொல்லி ஆட்களைச் சிரிக்கவைக்க அவருக்கு எவ்வளவு விருப்பம், கதை முழுவதும் தலைக்குள் ஆயத்தமாக இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே புருவத்தை உயர்த்த வேண்டும் என்பதுகூட.

இரண்டு வரிசைக்கு முன்னால் ஹோல்கர் இருந்தான், தெற்கே எல்லைப் பக்கத்தில் பொலிகுதிரை நிலையம் நடத்துகிறவன், அகன்ற முதுகு, காதுக்குப் பின்னால் பென்சில். இங்கரோடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. தேறினால் கறுவல் இங்கிருந்தே ஹோல்கரின் லொறியில் ஏறிப் போய்விடுவான். முந்நூறு கிலோமீற்றர். பத்து மணி பஸ் அங்கே போகாது. தேறாவிட்டால் காயடித்து வீட்டிலேயே வைத்திருப்பேன் என்று இங்கர் சொல்லியிருக்கிறாள், வைத்திருப்பாள், அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் இங்கருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடமாகக் குதிரை வளர்க்கிறாள், அவளுடைய கொட்டிலில் பிறந்த ஒன்றுகூட இந்த மணலில் தேறினதில்லை, செத்துப்போன கறுவலின் தாய்தான் அவளிடம் இருந்த கடைசி நல்ல பெட்டை. அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நேற்று உயரம் அளக்கும்போது அவளுடைய விரல்கள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன, குலசிங்கம் பார்த்தார். அவர் என்ன விரும்புகிறார். தேறவேண்டும். கட்டாயம் தேறவேண்டும், பாயப் பிறந்தவன் அவன், மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே தேவையில்லாமல் வாய்க்காலைப் பாய்ந்து பாய்ந்து பழகினவன். தேறவேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவருடைய நினைப்பு மறுபடியும் பஸ்ஸில் ஏறுகிறது, வேலியில் இறங்குகிறது, அவன் வருகிறான், பிறகு ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, புல்லு மட்டும். அப்போது நான் யாரோடு கதைப்பேன். ரஞ்சிதம் போன வெள்ளிக்கிழமை தனியாகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தாள். என்ன நேர்ந்தேன் என்று வாசலில் கால் வைக்கமுன்னமே சொல்லிவிடுகிறவள், அன்றைக்குத் திருநீற்றைப் பூசிவிட்டுப் பேசாமல் உலையை வைத்தாள்.

இருபத்தைந்தாவது குதிரை மணலுக்குள் வந்தபோது இங்கர் படிகளில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு நிறம் இல்லை. "குலா, நீ கீழே வரவேண்டும்," என்றாள். "பயிற்சி மணலில் மூன்று தரம் விட்டோம். மூன்று தரமும் முதல் தடைக்கு முன்னால் நின்றுவிட்டான். இந்த வெளிச்சத்தைக் கண்டு பயப்படுகிறான். வாளியோடு நிற்கிற பெடியனை அவனுக்குத் தெரியாது, காதைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. சொந்த ஆள் நிற்கலாமாம், கேட்டுவிட்டேன்." சொல்லி முடித்துவிட்டு அவள் தன் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெனிஷ் முழுவதும் அவருக்கு விளங்கியது, ஒரு சொல் தவறாமல். ரஞ்சிதத்துக்கும் விளங்கியது. "கால்," என்று அவள் தன்னுடைய டெனிஷில் சொன்னாள், "மணல் ஆழம், இவருக்குக் கால் பலமில்லை." பிறகு அவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே தமிழில் சொன்னாள், இங்கரின் முகத்துக்கு முன்னால்: "போகாதேங்கோ. நீங்கள் போகாட்டி அவன் பாயமாட்டான். பாயாட்டி எங்களோடயே நிப்பான். நான் பிள்ளையாரிட்ட அதைத்தான் கேட்டனான், சொன்னா என்ன. அவனும் போனா நீங்கள் என்ன செய்வியள், அந்தக் கதிரையில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பியள், அதை என்னால பாக்க ஏலாது." இங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

ஒன்றும் செய்யத் தேவையில்லை. அதுதான் பயங்கரம். வாயைத் திறந்தால் போதும், பிறகு என்று அது தானாகவே வந்துவிடும், இங்கரும் ஓம், சரி குலா, உனக்கு ஏலாது என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போவாள், ஒருவரும் ஒரு நாளும் குறை சொல்லமாட்டார்கள். நோயாளி. பாவம். ஏழு மாதமாக அந்தச் சொல்லை அவர் வெறுத்திருக்கிறார், இப்போது அது ஒரு மெத்தை மாதிரி வாய்க்குள் விரித்துக் கிடக்கிறது, அதில் படுத்துவிடலாம். நாளைக்குப் பத்து மணி பஸ். நாளையிண்டைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான், காயடித்து, சாந்தமாக, கொழுத்து, எதையும் பாயாமல். ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தார். அறுபது வயது முகம், நெற்றியில் இன்னும் வெள்ளிக்கிழமைத் திருநீறு மாதிரி ஏதோ ஒரு வெளிறல். இவள் கடவுளிடம் போய் ஒரு குதிரை தோற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எனக்காக. ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிறவள். அவருக்கு அவள்மேல் வந்தது கோபம் இல்லை, அது என்னவென்று சொல்லத் தெரிந்திருந்தால் முப்பத்தேழு வருடத்தில் ஒரு தரமாவது சொல்லியிருப்பார், அப்போது வாய் நன்றாகத்தானே இருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். திறக்கக்கூடாது, திறந்தால் அது வந்துவிடும். பொல்லை ஊன்றி எழும்பினார். வலது கால் முதலில் வரவில்லை, பிறகு வந்தது. ரஞ்சிதம் சால்வையை அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, "மெல்லமாப் போங்கோ, படி வழுக்கும்," என்று சொல்லிக்கொண்டு தன் தோளை அவருக்குக் கொடுத்தாள்.

மணல் ஆழந்தான். ஒவ்வொரு அடியிலும் வலது கால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தது. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், இல்லை, பார்க்கக்கூடாது, அந்தக் கோணல் வாயையும் பார்க்கிறார்கள், ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொல்கிறான், என்னைப் பற்றியா, இல்லை, இலக்கத்தைச் சொல்கிறான். ஒழுங்கையின் முனைக்கு வந்து பொல்லைப் பலகையில் சாத்தினார், வாளியை இடது கையில் வாங்கினார். ரஞ்சிதம் பலகைக்கு வெளியே நின்றாள். நாற்பது மீற்றருக்கு அப்பால், ஒழுங்கையின் மற்ற வாசலில், கறுவல் தெரிந்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அவனுடைய கடிவாளத்தைப் பிடித்திருந்தான். கடிவாளம். அதுதான், கடிவாளம், எவ்வளவு லேசாக வந்து நிற்கிறது, தேடாதபோது. சொல்லிப்பார்க்க நேரமில்லை. அவிழ்த்துவிட்டார்கள். கறுவல் நாலு எட்டு ஓடிவந்து, முதல் கட்டைக்கு முன்னால் நாலு காலையும் மணலில் குத்திக்கொண்டு நின்றான். மூக்குத் துவாரம் விரிந்து சிவப்புத் தெரிந்தது. மேலே விளக்கைப் பார்த்தான். எனக்குத் தெரியும் ராசா, அந்த வெளிச்சத்தை எனக்குத் தெரியும், கண்ணைத் திறந்தால் அதுதான் நிற்கும், மூடினாலும் நிற்கும், அதற்குக் கீழே படுத்துக் கிடந்துகொண்டு யாராவது எனக்குத் தெரிந்த சத்தம் ஒன்றைப் போடமாட்டார்களா என்று காத்திருந்தேன். குலசிங்கம் நாக்கை மேலண்ணத்தில் வைத்தார். வாய் காய்ந்து கிடந்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. ஆக, இதுவும் போய்விட்டது, இங்கே, இன்றைக்கு, இவ்வளவு பேருக்கு முன்னால். தொப்பிக்காரர் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். குலசிங்கம் கண்ணை மூடி எச்சிலைக் கூட்டி விழுங்கினார், நாக்கை மறுபடி வைத்தார். ச்சொ. ச்சொ.

முதலில் ஒரு காது திரும்பியது. பிறகு மற்றது. பிறகு தலை முழுவதும் விளக்கை விட்டுக் கீழே இறங்கி ஒழுங்கையின் நீளத்துக்கு அவரைத் தேடியது, கண்டது. தொண்டைக்குள் அவர் முனகினார், பயப்படாதே, பயப்படாதே, இங்கே நிற்கிற எனக்கும் பயம்தான். கறுவல் பின்னங்காலில் பாரத்தைப் போட்டுக் கிளம்பினான். முதல் கட்டையை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. இரண்டாவதில் முழங்காலை மடித்து முதுகை வில்லாக வளைத்தான். மூன்றாவதுக்கு முன்னால் ஒரு எட்டைக் குறைத்து, தானே கணக்குப் பார்த்து, மேலே போனான். மேலே போய் ஒரு கணம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது, கால் நாலும் வயிற்றோடு ஒட்டி, கழுத்து நீண்டு, வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே ஓர் ஆளுக்குப் போதுமான வெளிச்சம். விழுந்த இடத்தில் மணல் பறந்து குலசிங்கத்தின் சால்வையில் கொட்டியது. வாளிக்குள் தலையை விட்டான். கட்டையை உயர்த்தினார்கள், மறுபடி விட்டார்கள், வந்தான். இன்னும் உயர்த்தினார்கள். மூன்றாம் தரம் அவர் கூப்பிடத் தேவைப்படவில்லை. ச்சொ என்று தொடங்கமுன்னமே அவன் புறப்பட்டுவிட்டான், காது இரண்டும் முன்னுக்கு, வாளியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை, தடையை மட்டும் பார்த்தான். அதைக் கண்டதும் குலசிங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று இறங்கியது. இவனுக்கு இனி நான் தேவையில்லை. நோகிறதா என்று தனக்குள் தொட்டுப் பார்த்தார். நொந்தது. ஆனால் அந்த நோவுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார், விழவில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்து ஒலிபெருக்கியில் நடுவர் வாசித்தார். இருபத்தேழு, கார்வெல். பாயும்போது நல்ல கவனம், நல்ல வலு, தொடக்கத்தில் கொஞ்சம் தயக்கம், வலது பின்னங்கால் சற்றே வெளியே போகிறது, அங்கீகரிக்கப்படுகிறது. ரஞ்சிதம் அவருடைய காதுக்குள், "வலது காலைப் பற்றியெல்லாம் சொல்லுறாங்கள், உங்களைப் பாத்துச் சொல்லுறாங்களோ," என்றாள். இங்கர் அழவில்லை. பொத்தான் கையோடு கழன்று வந்துவிட்டது, அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு குலசிங்கத்திடம் வந்து அவருடைய வலது கையை, உணர்ச்சியில்லாத கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் பேசாமல். பேச்சு இருக்கிறவர்களும் பேசாமல் நிற்கிற நேரம் இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் மழையும் பனியும் கலந்து பெய்தது. லொறியின் பலகைக்கு முன்னால் கறுவல் நின்றுகொண்டு ஏறமாட்டேன் என்றான். ஹோல்கர் கயிற்றை இழுக்கவில்லை, அதைக் குலசிங்கம் கவனித்தார், நல்ல அடையாளம். "இவனை நீ எப்படிக் கூப்பிடுவாய்," என்று ஹோல்கர் அவரைக் கேட்டான், நேராக அவரைப் பார்த்து, ரஞ்சிதத்தைப் பார்க்காமல். குலசிங்கம் கிட்டப் போய், வாயைத் திறந்து நாக்கைக் காட்டி, மேலண்ணத்தில் ஒட்டி, இழுத்துக் காட்டினார். ஹோல்கர் செய்தான், கோழி கூப்பிடுகிற மாதிரி வந்தது. ரஞ்சிதம் சிரித்தாள். குலசிங்கம் தலையை ஆட்டினார், இல்லை, இன்னும் பின்னால், இன்னும் ஈரமாக. அறுபது வயது மனிதனும் நாற்பது வயது மனிதனும் மழைக்குள் நின்று வாயைத் திறந்து ஒருவர் வாய்க்குள் ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் தரமோ ஏழாம் தரமோ சரியாக வந்தது. கறுவலின் காது ஹோல்கர் பக்கம் திரும்பியது, திரும்பி, கொஞ்சம் யோசித்தது. குலசிங்கம் அவனுடைய கழுத்தில் நெற்றியை வைத்தார். வேர்வை, மணல், ஓட்ஸ். பிறகு விலகி நின்று ஹோல்கருக்குக் கையைக் காட்டினார், நீ கூப்பிடு. ஹோல்கர் கூப்பிட்டான். கறுவல் பலகையில் ஒரு காலை வைத்தான், மற்றதையும் வைத்தான், ஏறினான், திரும்பிப் பார்க்கவில்லை. குதிரைகள் அப்படிப் பார்ப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே நின்ற இன்னொரு குதிரையைக் கண்டு கனைத்தான்.

லொறி போனபிறகு மூவரும் இங்கரின் காருக்குள் ஏறி இருந்தார்கள். இங்கர் இயந்திரத்தைப் போட்டாள், ஆனால் காரை எடுக்கவில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகார் படிந்தது. ரஞ்சிதம் பின்சீற்றில் பையைத் திறந்து புட்டையும் முட்டைப் பொரியலையும் எடுத்து மூன்று தட்டில் போட்டாள். இங்கர் கையாலேயே சாப்பிட்டாள், கொஞ்சம் மடியில் சிந்தியது. குலசிங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பசி என்று ஒன்று எங்கிருந்தோ வந்து வயிற்றில் குந்தியது, நல்ல பசி, வேலை செய்த மனிதனின் பசி. இடது கையால் அள்ளிச் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிடக் கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கின் ஓரமாக இறங்கித் தட்டில் விழுந்தது, துடைக்க மற்றக் கை இல்லை. ரஞ்சிதம் அதைப் பார்த்தாள். துடைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "காலமை அவசரத்தில புட்டுக்கு உப்புக் காணாமப் போச்செண்டு நினைச்சன்," என்றாள், "இனிச் சரி." அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையப் புட்டோடு, ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்கச் சிரித்தார். இங்கர் திரும்பி, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டாள். "உப்பு," என்று ரஞ்சிதம் டெனிஷில் சொல்லத் தொடங்கி, அவளும் சிரிக்கத் தொடங்கியதால் மிச்சத்தைச் சொல்லமுடியவில்லை. இங்கர் ஒன்றும் விளங்காமல் இருவரையும் பார்த்துவிட்டு, தன்னுடைய வெறுந் தட்டைப் பின்சீற்றுக்கு நீட்டினாள். அதைக் கண்டு குலசிங்கமும் தன்னுடையதை நீட்டினார்.